ஐந்தாம் துண்டு

அக்டோபர் 7, சனி

விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். உள்ளே ஏழு பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றிலும் மிட்டாய் சுற்றிய தாளைப் போல மின்னும் உலோக நாடாத் துண்டுகள். "என்னம்மா இது?" என்றார் பாதுகாப்பு அதிகாரி. நான் இரும்பு, சிலிக்கன், போரான் என்று தொடங்கினேன். அவர் முகம் இறுகியது. எனக்குப் பின்னால் நின்ற தெய்வசிகாமணி எட்டிப் பார்த்து, "டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள தகடு வெப்பாங்களேங்க, அந்தத் தகடுங்க. கொஞ்சம் சன்னமாப் பண்ணியிருக்கறோம்" என்றார். விட்டுவிட்டார்கள்.

பதினொரு வருடமாக இயற்பியல் சொல்லித்தருகிறேன். எனக்கு அந்த வரி வரவில்லை.

தெய்வசிகாமணி எங்கள் கோவைக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர். உருகிய உலோகத்தைச் சுழலும் செம்புச் சக்கரத்தின்மேல் பீய்ச்சி நாடாவாக்குவதும், அதை உலையில் சுட்டுப் பதப்படுத்துவதும் அவர் வேலை. சூலூர்க்காரர். நாற்பத்தாறு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பன்னிரண்டாவது படிக்கும் ஒரு மகள், மௌனிகா. இதுவே அவருடைய முதல் விமானப் பயணம். என் மாணவிக்கு விசா தாமதமானதால்தான் அவரை அழைத்துவந்தேன். வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 8, ஞாயிறு

ஜெர்மனி. சிறிய ஊர், மழைத் தூறல், ஞாயிறு என்பதால் எல்லாக் கடைகளும் அடைப்பு. விருந்தினர் விடுதியில் ஆளுக்கு ஓர் அறை, பொதுச் சமையலறை ஒன்று. அங்கே தெய்வசிகாமணி அரிசிம்பருப்பு சாதம் வைத்தார். அரிசி, துவரம்பருப்பு, வரமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் அவர் பெட்டியிலிருந்தே வந்தன. துணி எங்கே வைத்தார் என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது கோவில்பட்டியிலிருந்து தங்கை கோமதி வீடியோவில் வந்தாள். நான் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை என்னைவிட அதிகம் நினைப்பவள்.

"யக்கா, சாப்பிட்டியா? மார்ச்சுல அப்பா போனதுலேருந்து நீ ஒழுங்கா சாப்பிடவே இல்ல. முகம் இப்பத்தான் தெளிஞ்சிருக்கு. யாரு சமைச்சா?"

"சிகாமணி சார்."

"அவரே சமைக்காரா?" என்றாள். அப்புறம் வேறு எதுவும் கேட்காமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 9, திங்கள்

நியூட்ரான் கற்றை தரும் அணு உலை மையத்தில் பாதுகாப்புப் பயிற்சி. சட்டையில் கதிர்வீச்சு அளவி மாட்டிவிட்டார்கள். எங்கள் கருவிக்குப் பொறுப்பானவர் உல்ரிகே. அறுபதை நெருங்கும் உயரமான பெண்மணி. குட்டை முடி, சத்தமான சிரிப்பு. தெய்வசிகாமணி அவரிடம் ஆங்கிலத்திலும் மரியாதையை விடுவதில்லை. "எஸ்ஸுங்க", "தேங்க்யூங்க" என்கிறார். மாலைக்குள் உல்ரிகேயும் "ஓகேங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

வந்த வேலையை இங்கே ஒருமுறை எளிதாக எழுதி வைக்கிறேன், அந்தப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்வதுபோல.

எங்கள் நாடாவுக்குள் இருப்பவை மிகச் சின்ன இரும்புப் பரல்கள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஐயாயிரத்தை வரிசையாக வைக்கலாம். ஒவ்வொரு பரலுக்கும் தன் காந்தம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று ஒரு பிடிவாதம் உண்டு. ஆனால் பரல்கள் இவ்வளவு சின்னதாகவும் நெருக்கமாகவும் இருந்தால், பக்கத்துப் பரல்கள் இழுத்துப் பிடித்து அந்தப் பிடிவாதத்தைக் கரைத்துவிடும். அப்போது முழு நாடாவும் சொன்ன பக்கம் லேசாகத் திரும்பும். அப்படித் திரும்பினால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகாது, மின்சாரம் வீணாகாது. உள்ளே எத்தனை தூரத்துக்கு அந்த ஒற்றுமை இருக்கிறது, எங்கே குலைகிறது? வெளியிலிருந்து தெரியாது. நியூட்ரானுக்குத் தெரியும். அது இரும்புக்குள் ஊடுருவிப் போகும். தானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால், குலைந்த இடத்தில் சற்றே விலகி வெளியே வரும். எவ்வளவு விலகுகிறது என்று இருபது மீட்டர் தள்ளியிருக்கும் டிடெக்டர் சொல்லும்.

எங்களிடம் ஏழு துண்டுகள். ஐந்நூற்று இருபது டிகிரியில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் கூட்டி ஐந்நூற்று எண்பது வரை, ஒவ்வொன்றும் சரியாக ஒரு மணி நேரம் சுட்டவை. நாளை காலை எட்டு மணியிலிருந்து ஞாயிறு காலை எட்டு மணிவரை நியூட்ரான் கற்றை எங்களுடையது. டிசம்பரில், ஆய்வுக்குப் பணம் தருகிறவர்களின் மதிப்பீட்டுக் குழு முன்னால் நிற்க வேண்டும். சொல்ல ஏதாவது புதிதாக இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள்.

அக்டோபர் 10, செவ்வாய்

முதல் துண்டு காந்தத்தின் நடுவில் நிற்கிறது. பலமான காந்தப் புலத்தில் திரையில் ஒரு சின்ன வட்டம். புலத்தைக் குறைக்கக் குறைக்க அந்த வட்டம் பரவுகிறது, உள்ளே ஒற்றுமை குலைவதால். தெய்வசிகாமணி வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பத்து வருசமா நான் சுட்டுக் குடுத்திட்டே இருக்கறனுங்க மேடம். உள்ள இப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு படத்தைக்கூட நான் அவருக்குக் காட்டியதில்லை.

அக்டோபர் 11, புதன்

மூன்று துண்டுகள் முடிந்தன. மூன்றிலும் குலைவு கிட்டத்தட்ட ஒரே அளவு. வரைபடத்தில் புள்ளிகள் சமதரையில் நிற்கின்றன. சோர்வு. துணி துவைத்தேன். வாஷிங் மெஷினில் எல்லாமே ஜெர்மனில். தெய்வசிகாமணி ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார், ஓடியது. என் நீலக் குர்தாவும் அவர் சட்டையும் ஒரே சுற்றில். தண்ணீர் மிச்சம்.

அக்டோபர் 12, வியாழன்

ஐந்தாம் துண்டு!

நான்காவது வரை சமதரை. ஐந்தில், ஐந்நூற்று அறுபது டிகிரியில், புள்ளி மேலே குதித்து நிற்கிறது. முந்தையதைப்போல இரண்டரை மடங்கு. உல்ரிகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது உண்மையென்றால், இந்த வெப்பநிலையில் உங்கள் நாடாவுக்குள் யாரும் எதிர்பார்க்காத ஏதோ ஒன்று நடக்கிறது. பெரிய பத்திரிகைக்கு எழுதலாம்" என்றார்.

நான் தெய்வசிகாமணியின் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொன்னார். பயணக் களைப்பு இப்போதுதான் தெரிகிறது போலும்.

அக்டோபர் 13, வெள்ளி

ஆறும் ஏழும் மறுபடி சமதரை. ஐந்தைத் திரும்ப வைத்து அளந்தேன், மேடு அங்கேயே இருக்கிறது. சந்தோஷம். தெய்வசிகாமணி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானே ரசம் வைத்தேன். உப்பு அதிகம். இரண்டு தம்ளர் குடித்தார்.

அக்டோபர் 14, சனி

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் எழுதிவிடுவேன்.

காலை ஏழரை, கருவி அறை. கட்டுரையின் முதல் பத்தியை எழுதி முடித்து, அவருக்குத் தமிழில் சொல்லிக்காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"மேடம், அந்த அஞ்சாவது துண்டு ஒரு மணி நேரம் சுட்டதில்லீங்க."

எனக்குப் புரியவில்லை. "என்ன சொல்லுதீங்க?"

"பத்தொம்பது மணி நேரம் உள்ள இருந்துச்சுங்க. நடுவுல கரண்ட் எத்தன தடவ போயிப் போயி வந்துச்சுன்னு தெரியாது. கரண்ட் வந்தா டைமர் மறுக்கா மொதல்லருந்து ஓடும். உறை மேல ஒரு மணி நேரம்னு எழுதுனது நாந்தானுங்க. தப்புங்க."

"அந்த மேடு..."

"நெருப்பு கூடிப்போனதுங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். பக்கத்து அறையிலிருந்த உல்ரிகே மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். பத்து வருடம் உலையடியில் நின்றவர், குழாயை மூடினோமா என்று மூன்று தரம் திரும்பிப்போய்ப் பார்க்கிறவர், உலையை எரியவிட்டு எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஐந்தாம் துண்டின் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மறுபடி கேட்டேன்.

"மார்ச் ஒம்பதாம் தேதிங்க" என்றார்.

மார்ச் ஒன்பது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோமதி போன் செய்தாள், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, உடனே வா என்று. எந்தப் பஸ்ஸும் நேரத்துக்குப் போய்ச் சேராது. தெய்வசிகாமணி தன் பழைய மாருதியை எடுத்துவந்து, "ஏறுங்க மேடம்" என்றார். ஐந்தரை மணி நேரம். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. அப்பாவுக்கு நினைவு இருந்தது. "வந்துட்டியாம்மா" என்றார். "கூட யாரு?" என்று கேட்டார். "காலேஜ்ல வேலை பாக்கவரு" என்றேன். மறுநாள் விடியும்போது அப்பா போய்விட்டார். அந்த இரவு முழுவதும் இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார் என்பதை அப்புறம் கோமதி சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு உலையில் என்ன இருந்தது என்று இந்த ஏழு மாதத்தில் நான் ஒரு தரம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"ஃபர்னஸ் ஞாபகமே வரலீங்க" என்றார். "காலைல உங்கப்பாரு எறந்ததுக்கு அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு. வாச்மேனுக்கு போன் பண்ணி அணைக்கச் சொன்னேன். அப்ப மணி ஏழுங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க பதினாறு நாள் கழிச்சு வந்தீங்க. அன்னிக்கு என்னாச்சுன்னு சொன்னா, மறுக்கா உங்கப்பாவ நெனச்சு அழுவீங்க. அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன். நம்ம லேப்புல காந்தம் அளக்கற கம்பிச்சுருள்ல வெச்சு அளந்து பாத்தேன், பெருசா வித்தியாசம் தெரியல. சரி போகட்டும்னு எழுதிட்டேன். இப்பிடி எந்திரிச்சு நிக்கும்னு தெரியாதுங்க."

நான் வெளியே வந்து அணு உலைக் கட்டிடத்தின் வேலியைச் சுற்றி நடந்தேன். குளிரில் விரல் விறைத்தது. கோட்டு போட மறந்து வந்திருந்தேன். ஒரு சுற்று கோபம். அடுத்த சுற்றில், இந்த வரியை எழுதக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன்: அவர் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. மேடு இருந்திருக்கும். பெரிய பத்திரிகை, குழு, மூன்று வருட நீட்டிப்பு. யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாவது சுற்றில் என்னை நினைத்து எனக்கே அருவருப்பு வந்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலா இருந்திருப்பார்? போட்டுப் பார்த்த பிறகும் வந்து சொன்னார்.

திரும்பி வந்தபோது நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சுடாத நாடா ஏதாவது மிச்சம் இருக்கா, கோயமுத்தூர்ல?"

"கோயமுத்தூர்ல இல்லீங்க." தன் பையைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு சுருளை எடுத்தார். அதே வார்ப்பு, கிட்டத்தட்ட நான்கு மீட்டர். "சொல்றதுக்குத் தைரியம் வந்தா தேவைப்படும்னு கொண்டாந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் உல்ரிகே பார்த்துவிட்டார்.

அவரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "மாதிரி தயாரிக்கும் கூடத்தில் ஓர் உலை இருக்கிறது. ஆர்கான் வாயுவும் இருக்கிறது. உங்களிடம் இருபத்துநான்கு மணி நேரம்கூட இல்லை. ஏன் இன்னும் இங்கே நிற்கிறீர்கள்?" என்றார்.

பதினொரு மணிக்கு உலையை ஏற்றினோம். ஐந்நூற்று அறுபதைத் தொட்டபோது மணி ஒன்று பத்து. அங்கிருந்து சரியாக ஒரு மணி நேரம். இரண்டு பேரும் நகரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மனைவியைப் பற்றி முதல்முறையாகப் பேசினார். பெயர் சாந்தாமணி. பால் சொசைட்டியில் வேலை. கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டாராம். "நீங்க பரவால்லீங்க, மூணு சுத்துல முடிச்சிட்டீங்க" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"ஒரு கோட்டாவது கொண்டாந்து குடுத்திருக்கலாம்லா?"

"குடுத்தா வாங்கியிருப்பீங்களா?"

வாங்கியிருக்க மாட்டேன்.

இரண்டு பத்துக்கு உலையை நிறுத்தினோம். ஆறியபின் அவர் துண்டுகளை நறுக்கி அடுக்கினார். நான் உறையில் தேதி, நேரம் எழுதி, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, கீழே நானும் போட்டேன். மாலை ஆறு மணிக்குக் கற்றையில் வைத்தோம்.

அக்டோபர் 15, ஞாயிறு

புதிய ஐந்தாம் துண்டு சமதரையில் நிற்கிறது. நான்குக்கும் ஆறுக்கும் நடுவில், பிசகில்லாமல். மேடு போய்விட்டது.

எட்டு மணிக்குக் கற்றையை மூடினார்கள். உல்ரிகே எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து அனுப்பினார். தெய்வசிகாமணி கூச்சத்தில் கும்பிட்டுக்கொண்டே கட்டிப்பிடிக்கப்பட்டார்.

விமானத்தில் அவர் தூங்கி என் தோளில் சாய்ந்தார். எழுப்பவில்லை. எழுப்பினால் சாப்பாட்டுத் தட்டு கவிழ்ந்துவிடும்.

நவம்பர் 20, திங்கள்

ஒரு மாதமாகத் தேர்வுத் தாள்கள், காய்ச்சல், கழுத்துவலி. இடையிடையே கட்டுரை. ஐந்தாம் துண்டைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன்: சுட்ட நேரம் தவறாகப் பதிவாகியிருந்தது, பதிவைச் சரிபார்க்காதது என் பொறுப்பு, புதிதாகச் சுட்டு மறுபடி அளந்தோம்.

ஆசிரியர் வரிசையில் இரண்டாவதாக அவர் பெயரைப் போட்டேன். இதுவரை எல்லாக் கட்டுரைகளிலும் கடைசியில் சின்ன எழுத்தில் அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். காட்டினேன். முகம் வெளிறிவிட்டது.

"வேண்டாமுங்க மேடம். தப்பா எழுதுன ஆளு பேரு எதுக்குங்க?"

"சரியா எழுதினதும் நீங்கதானே."

"நான் பிஎஸ்சிகூட முடிக்கலீங்க."

"நியூட்ரான் கேட்டுச்சா?"

தாளை வாங்கித் தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தார்.

டிசம்பர் 14, வியாழன்

மதிப்பீட்டுக் குழு. ஐந்து பேர், நீள மேசை, ஆறிப்போன வடை.

சமதரையைக் காட்டினேன். எதிர்பார்த்தபடியே ஒருவர், "இதில் புதிதாக என்ன இருக்கிறது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்றார். அப்போது விமான நிலையம் நினைவுக்கு வந்தது. எளிதாகச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். "ஒரே மாதிரி இருப்பதுதான் செய்தி சார். மோட்டார் செய்யும் பட்டறைக்காரரிடம் விலையுயர்ந்த உலை இருக்காது. முப்பது டிகிரி இப்படி அப்படிப் போகும். போனாலும் நாடா கெடாது என்று உள்ளே பார்த்துவிட்டு வந்திருக்கிறோம்."

"அப்படியானால் எதில் கெடும்?" என்றார், இதுவரை பேசாமல் இருந்த ஓர் அம்மாள்.

"நேரத்தில்" என்றேன். பழைய ஐந்தாம் துண்டின் மேட்டைக் காட்டினேன். அது எப்படி வந்தது என்பதையும், எங்கள் பிழை என்பதையும் சொன்னேன். எத்தனை மணி நேரத்தில் குலையத் தொடங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி என்றேன். மார்ச் ஒன்பதாம் தேதி என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அது குழுவுக்கானது இல்லை.

மூன்று வருடம் கேட்டோம், ஒன்றரை வருடம் கொடுத்தார்கள். வெளியே வந்து அவருக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டீங்களா மேடம்?" என்றுதான் முதலில் கேட்டார். முடிவை அப்புறம்.

டிசம்பர் 17, ஞாயிறு

திட்டம் நீண்டதற்காக மதியச் சாப்பாட்டுக்குச் சூலூர் வரச்சொல்லியிருந்தார். இரண்டு புடவை மாற்றிப் பார்த்தேன். வெயில் அதிகம் என்பதால் பருத்தி.

சமையலறையில் அவர் ஏதோ வதக்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் மௌனிகா எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பெயருக்கும் பெண்ணுக்கும் சம்பந்தமில்லை. என்னையே பார்த்தாள். கண்கள் அப்படியே அவருடையவை.

"ஆன்ட்டி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அப்பா ஜெர்மனிலருந்து தினமும் போன் பண்ணுவாரு. நாப்பது நிமிசம் பேசுனா முப்பது நிமிசம் நீங்கதான். ஏனுங்க ஆன்ட்டி, நீங்க அப்பாவக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?"

"ஆமா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. அவரிடம் கேட்கவில்லை, கோமதியிடம் சொல்லவில்லை, இந்த நோட்டில்கூட இதுவரை ஒரு வரி இல்லை. உள்ளே வதக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது.

மௌனிகா எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கிசுகிசுப்பாக, ஆனால் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"ஆன்ட்டி, அப்பா அழுகறாரு. ஆனா சிரிக்கறாரு."

நான் எழுந்து உள்ளே போனேன்.